வயிற்றுப் பிள்ளைக்குப் பஞ்சாங்கமா, அளவு நாடாவா?

(பாப்பிரெட்டிப்பட்டியில் நடைபெற்ற சுயமரியாதைப் பிரசாரக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் சாமியைப் பற்றியும் சாஸ்திரத்தைப் பற்றியும் பேசப் போகிறேன் என்று எதிர்பார்த்துச் சிலர் வந்திருப்பீர்கள். நமக்கு வழக்கமாகப் பதில் சொல்ல வரும் பக்தர்கள் சிலரும் அதோ டீக்கடை ஓரத்தில் நின்று கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு ஏமாற்றமாயிருக்கும். நான் பேச எடுத்துக் கொண்டது கர்ப்பிணிப் பெண்களின் வயிற்றில் வளரும் சிசு சரியாக வளருகிறதா, இல்லையா என்பதை ஸ்கேன் இயந்திரத்தினால் கண்டுபிடிக்கும் விஷயமேயாகும். இதைக் கேள்விப்பட்ட ஒரு தோழர் என்னிடம் வந்து, “இது பொம்பளைங்க சமாச்சாரமாச்சுங்களே, மேடையில் பேசலாமா?” என்று கேட்டார். 1930ஆம் வருடங்களிலேயே கர்ப்பத்தடையைப் பற்றிக் “குடிஅரசு” பச்சையாக எழுதிற்று. அன்றைக்கு வெட்கப்படாத இயக்கத்தில் இன்றைக்கு நாம் வெட்கப்படுவதென்றால், அதை வளர்ச்சி என்பதா, தேய்வு என்பதா? (சிரிப்பு) அன்றியும், பெற்றுக் கொள்ளும் வேலை பெண்களுடையதாயிருந்தாலும், ஆஸ்பத்திரிக்குப் போகலாமா, கூடாதா, எந்த நாளில் போகலாம் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் நம் வீடுகளில் யார் கையில் இருந்து வருகிறது? ஆகையால் இது ஆண்கள் கேட்க வேண்டிய பேச்சுதான். முன் வரிசையில் இருக்கும் தோழர்கள் தலையைக் குனிந்து கொள்ள வேண்டிய அவசியமில்லை.

இதைப் பேசுவதற்கு எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அதை முதலில் சொல்லி விடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் என் தங்கை மகள் தலைப் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். 35ஆவது வாரம். ஊருக்கு வந்த நர்ஸம்மா வழக்கம்போல் நாடாவை வைத்து வயிற்றை அளந்தார். 35 சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது 30தான் இருந்தது. அந்தம்மாள் உடனே சீட்டு எழுதி ஸ்கேனுக்கு அனுப்பினார். ஸ்கேனில் குழந்தையின் எடை சுமார் 1,700 கிராம் என்றும், வயிற்றுச் சுற்றளவு மிகக் குறைவென்றும், தொப்புள் கொடியில் இரத்த ஓட்டம் தடைப்படுகிறதென்றும் தெரிந்தது. “இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் சேருங்கள், பிள்ளையை வெளியே எடுக்க வேண்டியிருக்கும்” என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அன்றைக்குச் சித்திரை மாதம் முடிய இன்னும் நான்கு நாள் பாக்கி. சித்திரையில் தலைப்பிள்ளை பிறந்தால் அப்பனுக்கு ஆகாது என்று சம்பந்தி வீட்டார் சொன்னார்கள். ஒரு ஜோசியரும் ஆமென்றார். “நான்கு நாள்தானே, வைகாசி பிறந்ததும் போய்ச் சேர்ந்து கொள்ளலாம்” என்று முடிவு செய்தார்கள். மூன்றாம் நாள் இராத்திரி முதல் குழந்தை அசையவில்லை. வைகாசி முதல் தேதி நல்ல நேரம் பார்த்துத்தான் போனார்கள். ஆஸ்பத்திரியில் அவர்களுக்குக் கொடுத்தது செத்த பிள்ளையை.

அந்த நான்கு நாளும் நான் எங்கேயிருந்தேன் தெரியுமா? வெளியூர்களில் மேடை மேடையாக ஏறி மூடநம்பிக்கையைக் கண்டித்துப் பேசிக் கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்தால் ரகளை பண்ணுவேனென்று யாரும் எனக்குப் போன் செய்யவில்லை. பிறகு நான் கேட்டபோது என் தங்கை, “அப்பனுக்கு ஆகாதுன்னு சொல்றப்போ பொண்ணைப் பெத்தவ நான் என்னங்கண்ணா பேச முடியும்?” என்றாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஊருக்கெல்லாம் சொன்னதை என் வீட்டுக்குள் நான் சொல்லி வைக்கவில்லை என்பதுதான் உண்மை.

அப்பனுக்கு ஒன்றும் ஆகவில்லை. திடகாத்திரமாக இருக்கிறார்.

நிற்க, இந்தச் சித்திரைச் சங்கதியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். புது மணப் பெண்ணை ஆடி மாதத்தில் தாய் வீட்டுக்கு அனுப்பி வைப்பதே, ஆடியில் சேர்ந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும் என்பதற்காகத்தான். சித்திரையில் கடும் வெயில், தண்ணீர்ப் பஞ்சம், அம்மை வார்க்கும் காலம், அதனால் முன்னோர்கள் அப்படிச் செய்தார்கள் என்று சிலர் சமாதானம் சொல்லுவார்கள். சரி, அப்படியே இருக்கட்டும். வெயிலுக்குப் பயந்து ஏற்படுத்திய வழக்கம் அப்பன் உயிருக்குக் கண்டமாக எப்படி மாறிற்று? குளிர் வசதியோடும் சுத்தமான தண்ணீரோடும் ஆஸ்பத்திரியில் பிரசவம் நடக்கிற இந்தக் காலத்திலும், அந்தப் பழைய வெயிலுக்கு ஏன் பலி கொடுக்க வேண்டும்? உலகமெங்கும் ஏப்ரல் மாதத்தில் லட்சக் கணக்கான தலைப்பிள்ளைகள் பிறக்கின்றன. அத்தனை தகப்பன்மாரும் செத்தா போனார்கள்?

சரி, விஷயத்துக்கு வருவோம். வயிற்றில் பிள்ளை ஏன் வளராமல் போகிறது? நம் ஜனங்கள் சொல்லும் காரணங்கள் கொஞ்சமல்ல. கிரகணத்தில் வெளியே வந்தாள், கண்ணேறு பட்டது, முனி அடித்தது, குலதெய்வத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை, பூர்வ ஜன்ம பாவம் என்று வாய்க்கு வந்தபடி சொல்லுவார்கள். இவை எல்லாவற்றிலும் ஒரு பொது அம்சம் இருக்கிறது, கவனித்தீர்களா? ஒவ்வொன்றிலும் குற்றவாளி அந்தப் பெண்தான். ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் செய்து பணம் வாங்கிக் கொள்ள வேறொருவன் காத்திருக்கிறான்.

உண்மை என்னவென்றால், கர்ப்பத்திலிருக்கும் சிசுவுக்குச் சாப்பாடு, மூச்சு எல்லாம் நஞ்சுக்கொடி வழியாகத்தான் போக வேண்டும். வயலுக்கு வாய்க்கால் எப்படியோ அப்படி. வாணியாறு அணையில் தண்ணீர் இருந்தும் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் கடைமடைப் பயிர் என்ன ஆகும்? தாய்க்கு இரத்தக் கொதிப்பு, நெடுநாள் சிறுநீரக வியாதி, மலேரியா போன்ற தொற்று, இரட்டைக் கர்ப்பம், அல்லது காரணம் தெரியாமலே நஞ்சுக்கொடி சரியாக வேர் பிடிக்காமை ஆகிய இவைகளால் வாய்க்கால் அடைபடும். வீட்டில் ஓயாமல் பீடி பிடிப்பவன் விடும் புகையும், தாய் அடக்கிக் கொள்ளும் புகையிலையும் இதில் சேர்த்தி. இது வாய்க்காலின் கோளாறு. அணையிலேயே தண்ணீர் இல்லாத கோளாறும் உண்டு. அதாவது தாய்க்கே சோறும் இரத்தமும் போதாத நிலைமை. சிலவற்றில் குழந்தையின் உடற்கூற்றிலேயே பிறவிக் கோளாறு இருக்கும். இவற்றில் எது என்று கண்டுபிடிப்பதற்குக் கற்பூரமும் எலுமிச்சம்பழமும் பயன்படுமா? அளந்து பார்க்க வேண்டும்.

அளக்கும் இயந்திரம் எப்படி வந்தது என்ற கதை மிகவும் ரசமானது. ஸ்கேன் என்றால் ஏதோ கதிரைப் பாய்ச்சுகிறார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். அது எக்ஸ்ரே அல்ல. வெறும் ஓசை. கிணற்றுக்குள் கூவினால் எதிரொலி வருகிறதல்லவா? எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதென்று கணக்குப் பண்ணலாம். இந்த இயந்திரம் வினாடிக்கு 30 லட்சம், 50 லட்சம் அதிர்வுள்ள, நம் காதுக்குக் கேட்காத ஓசையை வயிற்றுக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறது. முதலில் இது கப்பல், கொதிகலன் முதலியவற்றின் இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் கருவியாக இருந்தது. ஸ்காட்லாந்து தேசத்தில் கிளாஸ்கோ நகரப் பிரசவ வைத்தியர் இயன் டொனால்ட் என்பவர், 1955இல், அறுத்தெடுத்த கட்டிகளை இரண்டு காரில் ஏற்றிக் கொண்டு ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அங்கே இருந்தவர்கள் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டையும் வாங்கி வைத்திருந்தார்கள். (சிரிப்பு) அந்த இறைச்சிக்கும் கட்டிக்கும் எதிரொலி வேறுபட்டது. அதிலிருந்து பிறந்த இயந்திரத்தைப் பற்றி அவரும், மெக்விகார் என்ற வைத்தியரும், டாம் பிரௌன் என்ற இளம் இன்ஜினீயரும் சேர்ந்து 1958இல் “லான்செட்” பத்திரிகையில் எழுதினார்கள். அதற்குப் பின் ஸ்டூவர்ட் கேம்பெல் என்பவர் குழந்தையின் தலையை அளந்து வளர்ச்சியைக் கணக்கிடும் முறையைத் திருத்தமாக்கி, 1975இல் வயிற்றுச் சுற்றளவைக் கொண்டு எடையைக் கணிக்கவும் வழி காட்டினார். நம் நாட்டில் மாட்டிறைச்சியைத் தொட்டவன் தீட்டு. ஆனால் அதை வைத்துச் சோதித்த இயந்திரத்தின் முன் எல்லா ஜாதியாரும் படுத்துக் கொள்கிறார்கள். அதில் தீட்டொன்றும் ஒட்டவில்லை போலும்!

ஏன் வயிற்றை அளக்க வேண்டும்? இதைத் தாய்மார்கள் கவனித்துக் கேட்க வேண்டும். பட்டினி கிடக்கும் சிசு தன்னிடமுள்ள கொஞ்சம் இரத்தத்தை மூளைக்கு அனுப்பிக் கொண்டு மற்ற உறுப்புகளைக் காயப் போடுகிறது. வெள்ளாமைக்குத் தண்ணீர் போதாதபோது, இருக்கும் தண்ணீரை நாற்றங்காலுக்கு மட்டும் பாய்ச்சுகிறோம் அல்லவா? அதுபோல. பிள்ளையின் ஈரல்தான் அதன் குதிர். உணவைச் சேமித்து வைக்கும் இடம் அது. வரவு குறைந்தால் முதலில் காலியாவது குதிர்தான். ஆகவே ஈரல் சிறுக்கும், வயிறு சிறுக்கும், தலை மட்டும் ஏறக்குறைய சரியாக இருக்கும். தலை, வயிறு, தொடை எலும்பு மூன்றையும் அளந்து ஸ்கேன் எடையைக் கணிக்கிறது. அதே வயதுள்ள 100 சிசுக்களை எடை வாரியாக நிறுத்தினால் கடைசிப் பத்துக்குள் வருவதைச் “சிறியது” என்கிறார்கள். கடைசி மூன்றுக்குள் வந்தால் அபாயம் அதிகம்.

அப்படியானால் சிறிய பிள்ளையெல்லாம் நோயாளியா என்றால், இல்லை. தாய் தகப்பன் சிறிய உருவமாயிருந்தால் பிள்ளையும் சிறியதாக, ஆரோக்கியமாகவே இருக்கலாம். ஆகையால் ஒரு தடவை அளந்தால் போதாது. இரண்டு மூன்று வாரம் கழித்துத் திரும்ப அளந்து, வளர்ச்சி தொடர்ந்து போகிறதா, நின்று விட்டதா என்று பார்க்க வேண்டும். டாப்ளர் என்று ஒரு சோதனை இருக்கிறது. தொப்புள் கொடி இரத்தக் குழாயில் ஓட்டம் எப்படியென்று அது காட்டும். இருதயம் சுருங்கும்போது மட்டுமல்லாமல், தளரும்போதும் இரத்தம் நஞ்சுக்கொடியை நோக்கி முன்னே ஓடிக் கொண்டிருக்க வேண்டும். தளரும் வேளையில் ஓட்டம் நின்று போனால் அபாயம். பின்னோக்கித் திரும்பினால் பேரபாயம்.

இதற்கு மருந்து இருக்கிறதா என்று கேட்பீர்கள். அடைபட்ட நஞ்சுக்கொடியைத் திறக்க மருந்து இன்னும் இல்லை. நான் மறைத்துப் பேச மாட்டேன். மருந்து இருக்கிறதென்று சொல்லி ஊசி போடுகிறவன் இருந்தால் அவனும் ஒரு மந்திரவாதிதான். ஆனால் செய்யத் தக்கது ஒன்று இருக்கிறது. அது காலத்தைத் தேர்ந்தெடுப்பது. பிள்ளை உள்ளே இருந்தால் பட்டினி, வெளியே வந்தால் குறைமாதம். இந்த இரண்டு அபாயத்தில் எந்த நாளில் எது சிறியது என்று நிறுத்துப் பார்த்து, அந்த நாளில் பிரசவிக்கச் செய்ய வேண்டும். முன்னதாகப் பிறக்க வேண்டியிருந்தால் நுரையீரல் முதிர்வதற்குத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள். நியூசிலாந்தில் லிகின்ஸ் என்பவர் செம்மறியாட்டில் கண்டு, ஹோவி என்பவரோடு சேர்ந்து மனிதருக்குச் சோதித்து, 1972இல் வெளியிட்டது அது. ஆக நாள் பார்ப்பது என்ற காரியம் உண்மையிலேயே அவசியந்தான், தோழர்களே! ஆனால் அதைப் பார்க்க வேண்டிய இடம் தொப்புள் கொடி. பஞ்சாங்கத்தில் அந்தக் குழந்தையின் இரத்த ஓட்டம் எந்தப் பக்கத்தில் அச்சாகியிருக்கிறது?

இன்னொரு வழக்கமும் இதற்குக் கெடுதலாயிருக்கிறது. முழுகாமல் இருக்கிறாள் என்பதை மூன்று மாதம் வரையில் வெளியே சொல்லக் கூடாது, சொன்னால் கண்பட்டுக் கலைந்து விடும் என்று மறைத்து வைக்கிறார்கள். இதனால் என்ன நஷ்டமென்றால், பிள்ளையின் வயதைத் திருத்தமாகச் சொல்லக் கூடியது முதல் மூன்று மாதத்தில் எடுக்கும் ஸ்கேன்தான். அப்போது தலையிலிருந்து புட்டம் வரை அளந்தால் ஒரு வாரத்துக்குள்ளான பிசகோடு வயது தெரிந்து விடும். மறைத்து வைத்து ஏழாம் மாதம் வந்தால், கடைசியாக எப்போது தலைக்குத் தண்ணீர் வார்த்துக் கொண்டாய் என்று கேட்டால், “மாரியம்மன் நோம்பிக்கு முந்தியா, பிந்தியா, நெனப்பில்லைங்க” என்கிறார்கள். வயது தெரியாத பிள்ளையை அளந்து பார்த்துச் சிறியதென்று எப்படிச் சொல்ல முடியும்? வளரவில்லையா, அல்லது நாள் கணக்கே தப்பா என்று டாக்டர் விழிக்க வேண்டியதாகிறது. கண்ணேற்றுக்குப் பயந்து கண்ணையே மூடிக் கொள்வதென்பது இதுதான்.

இனி நம் ஜில்லாவின் யோக்கியதையைச் சொல்ல வேண்டும். பிறத்தியாரைக் கண்டிக்கும் நாம் நம் முதுகையும் பார்த்துக் கொள்ள வேண்டுமல்லவா? 2001ஆம் வருட ஜனத்தொகைக் கணக்கில், ஆறு வயதுக்குட்பட்டவர்களில் 1,000 ஆண் குழந்தைகளுக்குத் தருமபுரியில் பெண் குழந்தைகள் 826. (“வெட்கம்! வெட்கம்!” என்ற குரல்கள்) வெட்கந்தான். எருக்கம்பாலும் நெல்லும் செய்த வேலை அது. 1992இல் சேலத்தில் தொட்டில் வைத்து, “கொல்லாதீர்கள், எங்களிடம் போட்டு விட்டுப் போங்கள்” என்று சர்க்கார் கெஞ்ச வேண்டியிருந்தது. பிற்பாடு அந்தத் தொட்டில் நம் ஜில்லாவுக்கும் வந்தது. எருக்கம்பாலுக்குப் பிறகு வந்தது ஸ்கேன். பிள்ளை உயிரோடு வளருகிறதா என்று பார்க்க வந்த இயந்திரத்திடம் நம்மவர்கள் கேட்ட முதல் கேள்வி, “ஆணா, பெண்ணா?” என்பது. ஜோசியனிடம் எதைக் கேட்டார்களோ அதையே விஞ்ஞானத்திடமும் கேட்டார்கள். 1994இல் சட்டம் போட்டு, 1996 முதல் அமுலுக்குக் கொண்டு வந்து, பாலினத்தைச் சொல்வது குற்றமென்று ஒவ்வொரு ஸ்கேன் நிலையத்திலும் போர்டு மாட்டியாயிற்று. அப்படியும் 2022இல் தருமபுரியில் கையில் தூக்கிச் செல்லும் ஸ்கேன் கருவியை வைத்துக் கொண்டு பாலினம் சொல்லிக் காசு பண்ணிய ஒரு கூட்டத்தைப் போலீசார் பிடித்தார்கள். எனக்கு அவர்கள் மேல் எவ்வளவு கோபமோ அதற்குக் குறையாத கோபம், வண்டி பிடித்துக் கொண்டு போய்க் காசு கொடுத்துக் கேட்ட குடும்பஸ்தர்கள் மேலும் உண்டு. இவ்வளவு சிரமப்பட்டு ஸ்கேன் எடுத்தவர்களில் எத்தனை பேர், “பிள்ளைக்கு எடை போதுமா?” என்று கேட்டிருப்பார்கள்?

இயந்திரத்துக்குப் புத்தி கிடையாது. கேட்கிற கேள்விக்குத்தான் அது பதில் சொல்லும்.

இந்த இரண்டு விஷயமும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாதவை என்று நினைக்காதீர்கள். பெண் பிறப்பதை நஷ்டமாக நினைக்கிற வீட்டில், பிறந்து வளர்ந்து மருமகளாக வந்த பெண்ணுக்கு எந்த மாதிரிச் சாப்பாடு கிடைக்கும்? எல்லாரும் உண்டானபின் சட்டியில் ஒட்டியிருப்பது அவளுக்கு. கர்ப்பமானால் இன்னும் வேடிக்கை. “நிறையத் தின்றால் பிள்ளை பெருத்துவிடும், பிரசவம் கஷ்டமாகும், அளவாகச் சாப்பிடு” என்று மாமியார்மார் சொல்லுகிறார்கள். அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரி இல்லை, பிள்ளை குறுக்கே சிக்கினால் தாய் செத்தாள், அந்தப் பயத்தில் சொன்னார்கள் என்பது வாஸ்தவந்தான். இன்றைக்கு அந்தப் பயத்துக்கு இடமில்லை. முட்டை, கீரை, பருப்பு, கேழ்வரகு ஆகியவற்றுக்குக் கணக்குப் பார்க்கும் அதே வீட்டில், பிள்ளை சிவப்பாகப் பிறக்குமென்று குங்குமப்பூவுக்கு மட்டும் நூற்றுக் கணக்கில் ரூபாய் கொடுக்கிறார்கள். பிள்ளை எடையில்லாமல் பிறந்தாலும் கறுப்பில்லாமல் பிறக்க வேண்டுமாம்! 2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேர் சோகை பிடித்தவர்கள். பிறக்கும்போது எடை பார்க்கப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 18, 2,500 கிராமுக்குக் குறைந்தவை. நம் பக்கத்து மலையடிவாரங்களில் பதினாறு, பதினேழு வயதில் கல்யாணத்தை முடித்து விடுவது இன்னும் ஒழியவில்லை. தானே வளர்ந்து முடியாத பெண் இன்னொரு உயிரை வளர்க்க வேண்டும் என்றால் இருவரும் ஒரே இலையில் பங்கு போட்டுக் கொள்ள வேண்டியதுதானே?

இதில் நம் இயக்கத்தார் நெஞ்சில் பதிக்க வேண்டிய ஒரு ஆராய்ச்சியைச் சொல்லுகிறேன். எட்டுத் தேசங்களில் ஆரோக்கியமான, நல்ல சாப்பாடுள்ள, புகைக்காத கர்ப்பிணிகளாகத் தேர்ந்தெடுத்து, ஐந்து வாரத்துக்கொரு முறை ஸ்கேன் எடுத்துச் சிசுவின் வளர்ச்சியை அளந்தார்கள். பிரேசில், இத்தாலி, ஓமான், இங்கிலாந்து, அமெரிக்கா, சீனா, கென்யா, அவற்றோடு நம் நாட்டு நாகபுரி. 4,000க்கு மேற்பட்ட தாய்மார்கள். 2014இல் முடிவை வெளியிட்டார்கள். நீக்ரோப் பிள்ளை, வெள்ளைக்காரப் பிள்ளை, சீனப் பிள்ளை, நாகபுரிப் பிள்ளை எல்லாம் வயிற்றுக்குள் ஏறக்குறைய ஒரே மாதிரியே வளர்ந்தன. 2017இல் உலக சுகாதார ஸ்தாபனம் பத்துத் தேசங்களில் செய்த வேறொரு ஆராய்ச்சியில் தேசத்துக்குத் தேசம் கொஞ்சம் வித்தியாசம் தெரிந்தது என்பதையும் சொல்லி விடுகிறேன். நமக்குச் சாதகமானதை மட்டும் சொல்லிப் போவது புராணிகர் வேலை. ஆனாலும் எந்த ஆராய்ச்சியிலும் பிரம்மாவின் முகத்தில் பிறந்த சிசு என்றும் காலில் பிறந்த சிசு என்றும் இரண்டு அட்டவணை போட வேண்டியிருக்கவில்லை. (கைதட்டல்) வித்தியாசத்தில் பெரும் பகுதி தாயின் தட்டிலும், அவள் உடம்பின் நோயிலும், அவளுக்குக் கிடைக்கும் கவனிப்பிலும் இருக்கிறது.

சிறியதாகப் பிறந்தால் என்ன, பிறகு கொழுகொழுவென்று வளர்த்துக் கொள்ளலாம் என்பாரும் உண்டு. மைசூரில் ஹோல்ட்ஸ்வொர்த் மெமோரியல் ஆஸ்பத்திரியில் 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலையளவு முதலியவற்றை எழுதிப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அப்படி 1954 வரையில் பிறந்தவர்களைப் பெரியவர்களான பின் தேடிப் பிடித்து இருதயத்தைச் சோதித்து, 1996இல் வெளியிட்டார்கள். எடை குறைந்து பிறந்தவர்களுக்கு இருதய வியாதி அதிகமாயிருந்தது. நாற்பது, ஐம்பது வயதில் வரும் மாரடைப்பின் ஒரு வேர் தாய் வயிற்றில் இருக்கிறது. இதைப் பூர்வ ஜன்ம வினை என்று யாராவது சொல்ல ஆசைப்பட்டால் சொல்லிக் கொள்ளட்டும். அந்த ஜன்மத்தின் முழு நீளம் ஒன்பது மாதந்தான். அதைத் திருத்துவது நம் கையில் இருக்கிறது.

இவ்வளவும் கேட்டு விட்டு, ஸ்கேனுக்கும் ஒரு கோயில் கட்டி விடாதீர்கள். ஸ்கேன் சொல்லும் எடையில் நூற்றுக்குப் பத்து, பதினைந்து ஏறக்குறைய இருக்கும். 2,000 கிராம் என்றால் 1,800ஆகவும் இருக்கலாம், 2,200ஆகவும் இருக்கலாம். வளராத பிள்ளைகளில் சிலவற்றை அது தவற விடும். நன்றாக இருக்கும் சிலவற்றைச் சந்தேகிக்கும். கோளாறில்லாத கர்ப்பிணிகள் எல்லாருக்கும் கடைசி மாதங்களில் ஸ்கேன் எடுப்பதால் மட்டும் சாவு குறைந்ததென்று ஆராய்ச்சிகளில் நிலைநாட்டப்படவில்லை. மாதத்துக்கொன்று எடு, வாரத்துக்கொன்று எடு என்று பணம் பிடுங்கினால் அதுவும் ஒரு விதப் புரோகிதந்தான். ஏன், எதற்கு என்று டாக்டரையும் கேட்கலாம். கேட்டால் கோபித்துக் கொள்கிறவரிடம் இன்னொரு தடவை கேளுங்கள்.

முதல் காவல் ஸ்கேன் அல்ல, நர்ஸம்மாவின் கையிலுள்ள நாடா. 24 வாரத்துக்குப் பிறகு கருப்பையின் உச்சியிலிருந்து அடிவயிற்று எலும்பு வரை எத்தனை சென்டிமீட்டரோ, ஏறக்குறைய அத்தனை வாரம். மூன்று சென்டிமீட்டருக்கு மேல் குறைந்தால் ஸ்கேனுக்குப் போக வேண்டும். ஒரு தையற்காரர் நாடா என்ன விலை இருக்கும்? அதோடு இரத்தக் கொதிப்பு, இரத்தச் சத்து, எடை, இவ்வளவுதான். என் தங்கை மகள் விஷயத்தில் நாடாவும் தப்பு செய்யவில்லை, ஸ்கேனும் தப்பு செய்யவில்லை, டாக்டரும் தப்பு செய்யவில்லை. தப்பு செய்தது எங்கள் வீட்டுத் திண்ணை.

கர்ப்பம் தெரிந்தவுடன் நர்ஸம்மாவிடம் பதிந்து கொள்ளுங்கள். ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் டாக்டரே பார்க்கும் இலவசச் சோதனை 2016 முதல் நடந்து வருகிறது. 1927இல் சென்னைச் சட்டசபையில் உட்கார்ந்த முதல் பெண்மணியாகிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பெயரால் மகப்பேறு உதவித் திட்டம் 1987இல் ஏற்பட்டது. 2018 முதல் அது பணமும் சத்துப் பொருளுமாகச் சேர்ந்து 18,000 ரூபாய் பெறும். அந்தப் பெட்டியிலுள்ள பேரீச்சம்பழத்தையும் சத்து மாவையும் வீட்டிலுள்ள வாலிபப் பிள்ளைகள் தின்று தீர்க்கிறார்களாம். (சிரிப்பு) சிரிக்கிறவர்கள் வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும். தருமபுரியில் 2008 முதல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. சித்தேரி மலையிலிருந்து வருகிறவர்களுக்குத் தூரம் கஷ்டந்தான், ஒப்புக் கொள்ளுகிறேன். ரோட்டுக்கும் வண்டிக்கும் நாம் சர்க்காரோடு சண்டை போடலாம். வீட்டு வாசற்படியிலேயே நான்கு நாள் நிற்பதற்கு எந்த சர்க்காரோடு சண்டை போடுவது?

சில தோழர்கள் சீட்டு அனுப்பியிருக்கிறார்கள். அவற்றுக்குப் பதில் சொல்லி விட்டு உட்காருகிறேன்.

“வயிறு கூர்மையாக இருந்தால் ஆண், உருண்டையாக இருந்தால் பெண் என்கிறார்களே, உண்மையா?” என்று ஒருவர் கேட்கிறார். வயிற்றின் உருவம் தாயின் தசைக் கட்டு, பிள்ளை கிடக்கும் நிலை, பனிநீரின் அளவு ஆகியவற்றைப் பொறுத்தது. ஆனால் வயிறு மாதத்துக்குத் தக்கபடி ஏறவில்லையென்றால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். கேட்ட தோழருக்கு ஆணா பெண்ணா என்பதில் ஏன் இவ்வளவு அக்கறை என்பதை அவரே யோசித்துக் கொள்ளட்டும்.

“ஸ்கேன் அடிக்கடி எடுத்தால் பிள்ளைக்குக் கெடுதலா?” இத்தனை வருட அனுபவத்தில், வைத்திய காரியத்துக்காக எடுத்த ஸ்கேனால் கெடுதல் நேர்ந்ததென்று நிரூபணமாகவில்லை. ஆனாலும் காரணமில்லாமல், வேடிக்கை பார்க்கவும் போட்டோ பிடிக்கவும் எடுக்கக் கூடாதென்றே வைத்தியர்கள் சொல்லுகிறார்கள்.

“கிரகணத்தன்று ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?” போகலாம். அங்கே அன்றைக்குக் கூட்டம் குறைவாக இருக்கும். (சிரிப்பு)

கடைசிச் சீட்டு ஒரு தாயார் எழுதியது. கையெழுத்துப் போடவில்லை. “மகளுக்கு எட்டாம் மாதம். இரண்டு நாளாகப் பிள்ளை அசைவு குறைச்சலாத் தெரியுதுன்னு சொல்றா. வெள்ளிக்கிழமை வளைகாப்பு வெச்சிருக்கோம், முடிச்சிட்டுக் கூட்டிக்கிட்டுப் போகலாங்களா?” என்று கேட்டிருக்கிறார்.

அம்மா, நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தாலும் சரி, கையைத் தூக்க வேண்டாம், பெயர் சொல்ல வேண்டாம். அசைவு குறைந்தால் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கக் கூடாது. இப்பொழுதே எழுந்து வீட்டுக்குப் போய் மகளைக் கூட்டிக் கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இராத்திரியிலும் பார்ப்பார்கள். 108க்குப் போன் செய்தால் வண்டி வரும். வராவிட்டால் இக்கூட்டத்துக்குத் தோழர்களை ஏற்றி வந்த வேன் ஒன்று மேடைக்குப் பின்னால் நிற்கிறது. டிரைவர் தோழரிடம் சொல்லியிருக்கிறேன். நாங்கள் பஸ்ஸில் போய்க் கொள்ளுகிறோம்.